"நமக்கு என்ன சார் ரகசியம்?" என்று கேட்பவர்களுக்கு

"நமக்கு என்ன சார் ரகசியம் இருக்கு? பென்ஷன் வாங்குற ஆளு. கம்ப்யூட்டருக்குப் பூட்டு எதுக்கு?"

காலை நடைப்பயிற்சியில், பென்ஷனர் சங்கக் கூட்டத்தில், கல்யாண வீட்டுப் பந்தியில், எங்கே பேச்செடுத்தாலும் இந்த ஒரே பதில்தான் வருகிறது. சொல்பவர்கள் விவரம் தெரியாதவர்கள் இல்லை. தலைமையாசிரியராக இருந்தவர், தாசில்தாராக இருந்தவர், என்னைப் போல வங்கியில் முப்பத்து நாலு வருடம் கையெழுத்துப் போட்டு ஓய்ந்தவர். இவர்கள் வீட்டு வாசலில் இரும்புக் கேட், அதற்கு ஒரு பூட்டு. உள்ளே கதவு, அதற்கு இரண்டு தாழ்ப்பாள். பீரோவுக்குள் ஒரு லாக்கர். ஆனால் மேஜை மேல் இருக்கும் லேப்டாப் மட்டும் திறந்து போட்ட வீடு.

இவர்களோடு இன்னொரு கூட்டத்தையும் இன்று கேட்கப் போகிறேன். "வயசானவங்களுக்கு இதெல்லாம் வேண்டாம், மறந்துடுவாங்க" என்று நம்மைக் கேட்காமலே நம் சார்பில் முடிவெடுக்கும் பிள்ளைகள், ரிப்பேர் கடைக்காரர்கள், கம்ப்யூட்டர் கம்பெனிகள். கோபித்துக்கொள்பவர்கள் கோபித்துக்கொள்ளட்டும்.

என் கட்சி இதுதான். கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க் முழுவதும் பூட்டியிருக்க வேண்டும். அதன் சாவி உங்கள் கையில் இருக்க வேண்டும். மாற்றுச் சாவி ஒன்று, உங்களுக்குப் பிறகு திறக்க வேண்டியவர் கைக்குப் போய்ச் சேரும்படி வைத்திருக்க வேண்டும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் காரியம் கெட்டது.

ரகசியம் வேறு, அந்தரங்கம் வேறு

முதலில் அந்த லேப்டாப்பில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். ஆதார் நகல். பான் கார்டு. பென்ஷன் ஆர்டர். வங்கி ஸ்டேட்மென்ட். வருமான வரிப் படிவங்கள். வீட்டுப் பத்திரத்தின் ஸ்கேன், வில்லங்கச் சான்று. மனைவியின் மருத்துவ ரிப்போர்ட். மகளின் ஜாதகம். பேத்தியின் பள்ளிக்கூடப் படங்கள். இவை போதாதென்று, "பாஸ்வேர்டு" என்று பெயர் வைத்த ஒரு எக்செல் கோப்பு. சிரிக்காதீர்கள். எத்தனையோ வீட்டில் பார்த்திருக்கிறேன்.

இதில் ரகசியம் ஒன்றுமில்லைதான். ஆனால் அந்தக் காலத்தில் தபால் கார்டு மலிவு என்று தெரிந்தும், குடும்ப விஷயத்தை இன்லண்ட் லெட்டரில்தானே எழுதினோம்? மூன்று பக்கமும் ஒட்டித்தானே அனுப்பினோம்? அப்படி ஒட்டியதால் நாம் குற்றவாளியா? தபால்காரர் மேல் சந்தேகமா? இல்லை. நம் வீட்டு விஷயம் நம் வீட்டுக்கு, அவ்வளவுதான்.

இன்னொன்றும் யோசியுங்கள். அந்த லேப்டாப்பில் இருப்பது எல்லாம் உங்களுடையதா? மனைவியின் ஸ்கேன் ரிப்போர்ட் அவருடைய விஷயம். மகளின் ஜாதகம் மகளின் விஷயம். "எனக்கு மறைக்க ஒன்றுமில்லை" என்று நீங்கள் சொல்லலாம். அவர்கள் சார்பில் அதைச் சொல்ல உங்களுக்கு யார் உரிமை கொடுத்தது?

அந்தரங்கம் என்பது அடிப்படை உரிமையே என்று நம் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். அந்த வழக்கைத் தொடுத்தது இருபத்தைந்து வயது கம்ப்யூட்டர் இளைஞர் இல்லை. கர்நாடக உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்து ஓய்வு பெற்ற கே.எஸ். புட்டசாமி. 2012 இல் மனுத் தாக்கல் செய்தபோது அவருக்கு வயது 86. நம்மை விடப் பெரிய பென்ஷனர். அவர் "நமக்கு என்ன ரகசியம்" என்று சும்மா இருந்திருந்தால் அந்தத் தீர்ப்பில் அவர் பெயர் இருந்திருக்காது.

லாகின் பாஸ்வேர்டு பூட்டு இல்லை

"நான் பாஸ்வேர்டு போட்டுத்தான் சார் வச்சிருக்கேன்" என்பார்கள் சிலர். கம்ப்யூட்டர் முழுவதும் எழுந்து, படம் எல்லாம் வந்த பிறகு கேட்கிறதே, அந்தப் பாஸ்வேர்டு. அது வரவேற்பறையில் உட்கார்ந்திருக்கும் வாட்ச்மேன் மாதிரி. முன் வாசல் வழியாக வருபவரை மட்டும்தான் நிறுத்துவார். கொல்லைப்புறச் சுவர் இடிந்து கிடப்பது அவருக்குத் தெரியாது.

லேப்டாப்பின் அடியில் உள்ள சில திருகுகளைக் கழற்றினால் டிஸ்க் கையில் வந்துவிடும். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஒரு யு.எஸ்.பி. உறைக்குள் அதைச் செருகி வேறு கம்ப்யூட்டரில் மாட்டினால், உங்கள் கோப்புகள் எல்லாம் வரிசையாகத் தெரியும். உங்கள் பாஸ்வேர்டை யாரும் கேட்கவே மாட்டார்கள். திருகுகூடக் கழற்ற வேண்டாம். லினக்ஸ் உள்ள ஒரு பென் டிரைவைச் செருகி அதிலிருந்து கம்ப்யூட்டரைத் துவக்கினாலும் அதே கதைதான்.

என்னோடு வேலை பார்த்த ஒருவர் பழைய லேப்டாப்பை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துப் புதிது வாங்கினார். "எல்லாத்தையும் அழிச்சுடுறோம் சார்" என்று கடையில் சொன்னார்கள். சில மாதம் கழித்து அவருக்கு ஒரு போன். பேசியது ஒரு கல்லூரி மாணவன். "சார், நான் செகண்ட் ஹேண்ட்ல ஒரு டிஸ்க் வாங்கினேன். அதுல உங்க வீட்டுப் பத்திரம், உங்க பொண்ணு ஜாதகம், பேங்க் பேப்பர் எல்லாம் இருக்கு. உங்க நம்பரும் அதுலதான் கிடைச்சுது. நான் அழிச்சுடறேன் சார், நீங்க பார்த்துக்கோங்க" என்றானாம். தங்கமான பிள்ளை. டிஸ்க்கை வாங்கும் எல்லோரும் அப்படி இருப்பார்களா?

இது நம் ஊர் வழக்கம் மட்டும் இல்லை. அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் படித்துக்கொண்டிருந்த சிம்சன் கார்ஃபிங்கல், அபி ஷெலாட் என்ற இருவர் பழைய ஹார்ட் டிஸ்க்குகள் 158 வாங்கிச் சோதித்து, 2003 இல் முடிவை வெளியிட்டார்கள். படிக்க முடிந்தவை 129. அவற்றில் ஒழுங்காகத் துடைக்கப்பட்டிருந்தவை 12 மட்டுமே. மற்றவற்றிலிருந்து 5,000க்கும் மேற்பட்ட கிரெடிட் கார்டு எண்களும் மருத்துவக் குறிப்புகளும் கிடைத்தன. ஒரு டிஸ்க் ஏ.டி.எம். இயந்திரத்தில் இருந்தது! வங்கிக்காரனான எனக்கு அதைப் படித்தபோது அடிவயிறு கலங்கியது.

பென்ஷனர்களுக்கு இன்னும் நெருக்கமான சம்பவம் ஒன்று. 2006 மே மாதம், அமெரிக்காவில் முன்னாள் ராணுவத்தினர் நலத்துறை ஊழியர் ஒருவரின் வீட்டில் திருடர்கள் புகுந்து லேப்டாப்பையும் வெளி ஹார்ட் டிஸ்க்கையும் தூக்கிப் போனார்கள். அதில் சுமார் 2 கோடியே 65 லட்சம் பேரின் பெயர், பிறந்த தேதி, சமூகப் பாதுகாப்பு எண். பூட்டு எதுவும் கிடையாது. பிறகு பொருள் கிடைத்துவிட்டது, யாரும் உள்ளே பார்த்ததாகத் தெரியவில்லை என்றார்கள். ஆனாலும் அந்த அரசு 2009 இல் 2 கோடி டாலர் கொடுத்து வழக்கை முடிக்க வேண்டி வந்தது. அந்த டிஸ்க்கைப் பூட்டியிருந்தால் போனது ஒரு பெட்டி மட்டும்தான்.

பூட்டு எப்படி வேலை செய்கிறது

குறியாக்கம், அதாவது என்கிரிப்ஷன், என்றால் பயப்பட வேண்டாம். டிஸ்க்கில் எழுதப்படும் ஒவ்வொன்றும் கலைத்து எழுதப்படுகிறது. சாவி இருந்தால் அது மறுபடியும் எழுத்தாகும். இல்லாவிட்டால் வெறும் குப்பை. டிஸ்க்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டினாலும் குப்பைதான். கம்ப்யூட்டரின் பொத்தானை அழுத்தியதும், விண்டோஸோ லினக்ஸோ எழுவதற்கு முன்பே, "சாவி எங்கே?" என்று அது கேட்க வேண்டும். அப்படிக் கேட்பதுதான் உண்மையான பூட்டு. அப்போது நாம் தட்டும் நீளமான சொற்றொடரைத்தான் பாஸ்ஃப்ரேஸ் என்கிறார்கள்.

இதில் பரவலாகப் பயன்படும் கலைக்கும் முறைக்கு ஏ.இ.எஸ். என்று பெயர். பெல்ஜியம் நாட்டு யோவான் டேமன், வின்சென்ட் ரைமன் இருவரும் உருவாக்கியது. 2001 இல் அமெரிக்க அரசு அதைத் தரநிலையாக அறிவித்தது. அந்த முறை ஊர் உலகத்துக்கே தெரியும், புத்தகத்திலேயே இருக்கிறது. "தெரிந்த முறை எப்படிப் பாதுகாப்பாகும்?" என்று கேட்கலாம். பூட்டின் அமைப்பு எல்லோருக்கும் தெரிந்திருக்கலாம், சாவி மட்டும் தெரியக் கூடாது என்பது 1883 இலேயே கெர்க்காஃப்ஸ் என்பவர் எழுதி வைத்த விதி. நம் கிளையில் இருந்த இரும்புப் பெட்டகம் எந்தக் கம்பெனித் தயாரிப்பு என்று பியூனுக்கும் தெரியும். சாவிதான் தெரியாது.

லினக்ஸில் இதற்கு லக்ஸ் என்ற ஏற்பாடு இருக்கிறது. லினக்ஸ் மின்ட், உபுண்டு போன்றவற்றை நிறுவும்போது, டிஸ்க்கைக் குறியாக்கம் செய்யவா என்று ஓர் இடத்தில் கேட்கும். சில பதிப்புகளில் "அட்வான்ஸ்டு" என்ற பொத்தானுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். அதை டிக் செய்து பாஸ்ஃப்ரேஸை இரண்டு முறை தட்ட வேண்டும். நிறுவும்போது டிஸ்க்கில் ஏற்கனவே இருப்பது அழிந்துவிடும், ஆகவே முதலில் எல்லாவற்றையும் வேறு டிஸ்க்கில் நகல் எடுத்துக்கொள்ளுங்கள். துவங்குவதற்குத் தேவையான ஒரு சின்னப் பகுதி மட்டும் பூட்டாமல் இருக்கும். அதில் உங்கள் கோப்புகள் இருக்காது.

"ஒரு ஃபோல்டரை மட்டும் பூட்டினால் போதாதா?" போதாது. நீங்கள் ஒரு கோப்பைத் திறக்கும்போது அதன் தற்காலிக நகல்கள் வேறு இடத்தில் விழும். நினைவகம் நிறைந்தால், அதிலுள்ளதை ஸ்வாப் என்ற பகுதியில் கம்ப்யூட்டர் எழுதி வைக்கும். அலமாரியைப் பூட்டிவிட்டு, உள்ளே இருந்த பத்திரத்தின் ஜெராக்ஸைத் திண்ணையில் போட்ட மாதிரி ஆகும். பூட்டினால் முழு டிஸ்க்கையும் பூட்ட வேண்டும்.

லக்ஸில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம், வங்கிக்காரனுக்கு உடனே புரிகிற விஷயம், சாவி அறைகள். டிஸ்க்கைக் கலைக்கும் உண்மையான சாவி ஒன்று உள்ளே இருக்கிறது. நம் பாஸ்ஃப்ரேஸ் அந்தச் சாவி இருக்கும் சின்னப் பெட்டியைத்தான் திறக்கிறது. இப்படிப்பட்ட சின்னப் பெட்டிகள் பழைய லக்ஸில் 8, புதியதில் 32 வரை வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொன்றுக்கும் வேறு பாஸ்ஃப்ரேஸ். உங்களுக்கு ஒன்று, மனைவிக்கு ஒன்று, மகனுக்கு ஒன்று. மகனுடையது வெளியே தெரிந்துவிட்டது என்றால் அதை மட்டும் ரத்து செய்யலாம், உங்களுடையது அப்படியே இருக்கும். நாம் வேலை பார்த்த காலத்தில் ஸ்ட்ராங் ரூம் டூப்ளிகேட் சாவியை சீல் வைத்த உறையில் இன்னொரு கிளையில் கொடுத்து வைப்போமே, அதே ஏற்பாடுதான்.

கேட்காமலே பூட்டுபவர்கள்

இப்போது கம்பெனிகளுக்கு வருகிறேன். 2024 இல் வந்த விண்டோஸ் 11 இன் 24எச்2 பதிப்பிலிருந்து, புதிதாக நிறுவும் கம்ப்யூட்டரை மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து அமைத்தால், டிஸ்க் தானாகவே பூட்டிக்கொள்கிறது. திருடன் கையில் போனால் பயன்படாது. நல்ல விஷயம்தான், மறுக்கவில்லை.

ஆனால் சாவி எங்கே? தினசரிச் சாவி மதர்போர்டில் உள்ள ஒரு சில்லில். அவசரச் சாவி, 48 இலக்க எண், அந்தக் கணக்கோடு சேர்ந்து கம்பெனியின் சர்வரில். பொத்தானை அழுத்தினால் உங்களிடம் எதுவும் கேட்காமலே கம்ப்யூட்டர் திறந்துகொள்கிறது. ஆகவே பூட்டு இருக்கிறது என்பதே உங்களுக்குத் தெரியாது. என்றைக்கோ ஒரு நாள் மதர்போர்டை மாற்றினாலோ, பயாஸ் அமைப்பை மாற்றினாலோ, நீலத் திரை வந்து 48 இலக்க எண்ணைக் கேட்கும். அப்போதுதான் தெரியும்.

இப்படி நினைத்துப் பாருங்கள். கணவர் லேப்டாப் வாங்கினார். மகனோ கடைப் பையனோ ஏதோ ஒரு மின்னஞ்சல் முகவரியைப் போட்டு அமைத்துக் கொடுத்தான். அந்த முகவரியின் பாஸ்வேர்டு யாருக்கும் நினைவில்லை. கணவர் காலமானார். ஓராண்டு கழித்து லேப்டாப் ரிப்பேருக்குப் போய் வருகிறது. நீலத் திரை. உள்ளே அறுபதாம் கல்யாணப் படங்கள், கணவரின் குரல் உள்ள வீடியோ, ஃபிக்ஸட் டெபாசிட் விவரங்கள். அந்த அம்மா யாரிடம் போய்க் கேட்பார்? பூட்டைப் போட்டபோது அவரிடம் ஒரு வார்த்தை சொன்னார்களா?

தனி வீடுகள் கிடக்கட்டும், நிறுவனங்களே திணறியிருக்கின்றன. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளின் பழுதான அப்டேட்டால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் முடங்கின என்று மைக்ரோசாஃப்டே கணக்குச் சொன்னது. சரிசெய்யப் போன இடங்களில், டிஸ்க் பூட்டியிருந்த கம்ப்யூட்டர்கள் அந்த 48 இலக்க எண்ணைக் கேட்டன. எண்ணை எழுதி வைத்திருந்தவர்கள் பிழைத்தார்கள்.

வாடிக்கையாளருக்குச் சொல்லாமல் லாக்கரைப் பூட்டி, சாவியை மேனேஜர் தன் மேஜையில் வைத்துக்கொண்டால் நாம் சும்மா விடுவோமா? சாவி மற்றவரிடம் இருந்தால், கோர்ட் உத்தரவு வந்தாலும் அவர் எடுத்துக் கொடுக்க வேண்டியவர்தான், அவர் கணக்கை முடக்கினாலும் நமக்கு வழியில்லை. பூட்டு என்னுடையது என்றால் சாவியும் என்னுடையதாக இருக்க வேண்டும். கம்ப்யூட்டரை அமைக்கும் முதல் திரையிலேயே, பெரிய எழுத்தில், தமிழில், "உங்கள் டிஸ்க்கைப் பூட்டப் போகிறோம், இந்த எண்ணை எழுதிக்கொள்ளுங்கள்" என்று சொல்ல எத்தனை செலவாகும்?

விண்டோஸ் வைத்திருப்பவர்கள் இன்றே உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் ரெக்கவரி கீ பகுதியைப் பாருங்கள். 48 இலக்க எண் இருந்தால் அச்செடுத்து வையுங்கள். துவக்கத்திலேயே பாஸ்ஃப்ரேஸ் கேட்கும்படி வேண்டுமென்றால் வெராகிரிப்ட் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. விண்டோஸ் ப்ரோ பதிப்பில் துவக்கத்தில் பின் எண் கேட்கும்படியும் அமைக்கலாம். தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். சாவியை மட்டும் நீங்களே தட்டுங்கள்.

"மறந்துடுவீங்க சித்தப்பா"

என் அண்ணன் மகன் சென்னையில் மென்பொருள் வேலையில் இருக்கிறான். நான் லக்ஸ் போடப் போகிறேன் என்றதும், "வேண்டாம் சித்தப்பா, மறந்துடுவீங்க. அப்புறம் யாராலயும் திறக்க முடியாது" என்றான். அவன் சொன்னதில் பாதி உண்மை. பாஸ்ஃப்ரேஸ் போனால் டிஸ்க்கில் உள்ளது போனதுதான், எந்தக் கடைக்காரராலும் மீட்க முடியாது. மறுபாதிதான் எனக்குப் பிடிக்கவில்லை. அதென்ன, மறப்பது வயதானவர்களுக்கு மட்டும் எழுதி வைத்ததா? நாம் பதினாறாம் வாய்ப்பாடும், முக்கால் வாய்ப்பாடும் மனப்பாடம் செய்த ஆட்கள். லெட்ஜர் ஃபோலியோ எண்ணை வாடிக்கையாளர் முகத்தைப் பார்த்தே சொன்னவர்கள். இன்றைய பிள்ளைகளுக்குத் தன் மனைவியின் போன் நம்பர் தெரியுமா, கேட்டுப் பாருங்கள்.

நமக்கு மறப்பது என்னவென்றால், ஒரு பெரிய எழுத்து, ஒரு எண், ஒரு நட்சத்திரக் குறி என்று கலந்து போடச் சொல்கிறார்களே, அந்தக் கண்றாவி. மூன்று மாதத்துக்கு ஒரு முறை அதை மாற்று என்பார்கள். 2003 இல் அமெரிக்க அரசுக்காக அந்த விதிகளை எழுதிய பில் பர், ஓய்வு பெற்ற பிறகு, 2017 இல், தான் எழுதியதில் பெரும்பகுதிக்கு வருந்துவதாகச் சொல்லிவிட்டார். அதே ஆண்டு அந்த நிறுவனமும் விதிகளைத் திருத்தியது. நீளமாக இருக்கட்டும், காரணமில்லாமல் மாற்றச் சொல்லாதீர்கள் என்பதுதான் இப்போதைய விதி.

சொற்கள்தான் வழி. 1995 இல் ஆர்னால்ட் ரெய்ன்ஹோல்ட் என்பவர் டைஸ்வேர் என்று ஒரு முறை சொன்னார். ஒரு பகடையை ஐந்து முறை உருட்டினால் 7,776 விதமான எண் வரும். அத்தனை சொற்கள் கொண்ட பட்டியலில் அந்த எண்ணுக்குரிய சொல்லை எடுக்க வேண்டும். இப்படி ஆறு சொற்கள். மொத்தம் எத்தனை விதம் என்று பெருக்கினால் 24 இலக்க எண் வருகிறது. நாலு இலக்கப் பின் எண்ணில் மொத்தமே 10,000 விதம்தான். எது பூட்டு என்று நீங்களே சொல்லுங்கள்.

தமிழில் செய்ய, வீட்டில் இருக்கும் அகராதியைக் கண்ணை மூடித் திறந்து ஆறு பக்கங்களில் ஆறு எளிய சொற்களை எடுங்கள். உரல், தபால், கொய்யா, வெண்கலம், படகு, மூக்குத்தி. (இதையே போட்டுவிடாதீர்கள், ஊருக்கே சொல்லிவிட்டேன்.) உரலில் தபாலைப் போட்டு இடித்தால் கொய்யா வந்தது என்று ஒரு கிறுக்குக் கதை கட்டிக்கொண்டால் மறக்கவே மறக்காது. சொற்களை அகராதி தேர்ந்தெடுக்க வேண்டும், நீங்கள் தேர்ந்தெடுக்கக் கூடாது. திருக்குறள், சினிமாப் பாட்டு, பேரன் பெயரோடு பிறந்த வருடம், சாமி பெயரோடு 108, இவை எதுவும் வேண்டாம். நமக்கு எது சுலபமாக நினைவுக்கு வருகிறதோ அதைத்தான் திருடனும் முதலில் முயல்வான்.

நம்மவர்கள் மட்டும் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. துவக்கத் திரையில் தமிழ் விசைப்பலகை வராது. தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும். அங்கேதான் சிக்கல். மூக்குத்தியில் "மூ" வுக்கு "யு" ஒன்றா, இரண்டா? அல்லது "ஓ" இரண்டா? "கொய்யா" வில் "ஒய்" எத்தனை? "ழ" வரும் சொல் என்றால் கேட்கவே வேண்டாம். ஆகவே, எந்த எழுத்தில் தட்டினீர்களோ அதே எழுத்துக்கூட்டலைக் காகிதத்தில் எழுதி வையுங்கள். எல்லாம் சின்ன எழுத்து. கேப்ஸ் லாக் அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். சில திரைகளில் தட்டும்போது புள்ளிகூடத் தெரியாது. கம்ப்யூட்டர் உறைந்துவிட்டது என்று பயப்படாமல் தட்டி என்டரை அழுத்துங்கள்.

"காகிதத்தில் எழுதலாமா?" தாராளமாக எழுதலாம். லேப்டாப் பையில் வைக்காதீர்கள், அவ்வளவுதான். வெளிநாட்டில் உட்கார்ந்திருக்கும் திருடனால் உங்கள் பீரோவுக்குள் எட்டிப் பார்க்க முடியாது. ரயிலில் லேப்டாப்பைத் தூக்குபவனிடம் உங்கள் வங்கி லாக்கர் சாவி இருக்காது.

மற்ற ஆட்சேபணைகள்

"கம்ப்யூட்டர் மெதுவாகிவிடும்." 2010 முதல் இன்டெல் தன் பிராசசர்களில் ஏ.இ.எஸ்.ஸுக்கென்றே தனிக் கட்டளைகளைச் சேர்க்கத் தொடங்கியது. இன்று விற்கும் லேப்டாப்பில் கடிதம் எழுதி, படம் பார்க்கும் நமக்கு வித்தியாசம் தெரியாது.

"டிஸ்க் கெட்டுப்போனால் மீட்க முடியாதே." உண்மை, கஷ்டம்தான். லக்ஸில் டிஸ்க்கின் ஆரம்பத்தில் ஒரு தலைப்பகுதி இருக்கிறது. புதிய லக்ஸில் அது வழக்கமாக 16 எம்.பி. அளவு. அது சிதைந்தால் சரியான பாஸ்ஃப்ரேஸ் இருந்தும் பயனில்லை. அதை மட்டும் தனியாக ஒரு பென் டிரைவில் நகலெடுத்து வைக்கக் கட்டளை இருக்கிறது, செய்யச் சொல்லுங்கள். ஆனால் பூட்டாத டிஸ்க் மட்டும் சாகாதா? நகல் எடுத்து வைப்பதுதான் இதற்கு மருந்து. பூட்டாமல் விடுவது மருந்தில்லை. நகல் உள்ள டிஸ்க்கையும் பூட்டுங்கள்.

இந்தப் பூட்டு செய்யாத வேலையையும் சொல்லிவிடுகிறேன். ஓ.டி.பி. கேட்டுப் போன் செய்பவனிடமிருந்து இது காப்பாற்றாது. கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போது பூட்டு திறந்தே இருக்கிறது, வைரஸ் வந்தால் வந்ததுதான். மூடி வைத்துத் தூங்க விட்டாலும் சாவி நினைவகத்தில் இருக்கும். அதிலிருந்தே சாவியை எடுக்கலாம் என்று பிரின்ஸ்டன் ஆய்வாளர்கள் 2008 இல் செய்து காட்டினார்கள். ஆகவே வெளியூர் போகும்போது ஷட் டவுன் செய்யுங்கள். பழைய டிஸ்க்கை விற்கும்போது மட்டும் ஒரு வசதி. சாவி அறைகளை அழித்தால் போதும், உள்ளே இருப்பது தானே குப்பையாகிவிடும். கடைக்காரர் அழித்தாரா என்று கவலைப்பட வேண்டாம்.

உறை

கடைசியாக, மாற்றுச் சாவி. ஒரு காகிதத்தில் இரண்டாவது பாஸ்ஃப்ரேஸ், அல்லது அந்த 48 இலக்க எண். எந்தக் கம்ப்யூட்டருக்கு என்ற குறிப்பு, தேதி. உறையில் போட்டு ஒட்டி, ஒட்டிய இடத்தின் குறுக்கே கையெழுத்து. உயிலோடு வைக்கலாம். லாக்கரில் வைப்பதானால் லாக்கர் "ஐதர் ஆர் சர்வைவர்" முறையில் மனைவி பெயரிலும் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நாமினியாவது போட்டிருக்க வேண்டும். தனிப் பெயரில், நாமினி இல்லாமல் இருந்த லாக்கர்களைத் திறக்க வாரிசுகள் அலைந்ததை நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தவன் சொல்கிறேன். உறை இருக்கும் இடத்தை வீட்டில் இருவருக்குச் சொல்லுங்கள். வருடம் ஒரு முறை, லைஃப் சர்ட்டிஃபிகேட் கொடுக்கும் நவம்பர் மாதம், அந்தக் காகிதத்தில் உள்ளதைத் தட்டிப் பார்த்து, திறக்கிறதா என்று சோதித்துவிட்டுப் புது உறையில் போடுங்கள்.

பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. உங்கள் அப்பா அம்மாவின் லேப்டாப்பை அமைத்துக் கொடுக்கும்போது, "உங்களுக்கு இது வேண்டாம்" என்று சொல்லாதீர்கள். அவர்களுக்குத் தெரியாமல் பூட்டிவிட்டும் போகாதீர்கள். பக்கத்தில் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்து, பாஸ்ஃப்ரேஸைத் தட்டும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள்.

இதைப் படித்த பிறகும் "நமக்கு என்ன சார் ரகசியம்?" என்பவர்கள், நாளைக் காலை நடைப்பயிற்சிக்கு வரும்போது உங்கள் பாஸ்புக், வீட்டுப் பத்திரம், மனைவியின் மருத்துவ ரிப்போர்ட் மூன்றையும் கொண்டுவந்து பூங்கா பெஞ்சில் வைத்துவிட்டு நாலு சுற்று நடந்து காட்டுங்கள். நான் அங்கேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன்.